மைனர் செவன்: ஒரே கார்டுக்குள் இரண்டு கார்டுகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் கிட்டாரோ கீபோர்டோ கற்கத் தொடங்குகிறவர்களுக்கு முதல் சில மாதங்களில் கைவந்துவிடுபவை மேஜர், மைனர் என்னும் இரண்டு வகைக் கார்டுகள் (சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வதே கார்டு). தேவாலயப் பாடகர் குழுவுக்கும் கல்லூரி விழாவுக்கும் இவையே போதும் என்று தோன்றும் வேளையில், கார்டு குறித்த பாட்டுத் தாளில் 'ஏ மைனர்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ மைனர் செவன்' என்று எழுதியிருப்பதைப் பார்க்க நேரிடுகிறது. பலர் அந்தச் 'செவன்' என்பதைக் கண்டுகொள்ளாமல் வெறும் மைனரை வாசித்துவிட்டுப் போகிறார்கள். பாட்டு அதனால் கெட்டுவிடாது. ஆனால் பாட்டை எழுதியவர் அந்த இடத்தில் வேண்டியிருந்த சாயல் கிடைக்காமல் போகிறது.

மைனர் செவன் என்பது மைனர் கார்டின் மேல் ஒட்டவைத்த ஓர் அலங்காரம் என்றே பொதுவாகக் கற்றுத் தரப்படுகிறது. அது தவறில்லை என்றாலும், கற்பவருக்கு அதனால் பெரிய பயன் ஏதுமில்லை என்பது என் கருத்து. ஒரு மைனர் கார்டும் ஒரு மேஜர் கார்டும் தமக்குள் இரண்டு சுரங்களைப் பொதுவாக வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் ஒலிப்பதுதான் மைனர் செவன் என்று புரிந்துகொண்டால், அதன் ஒலி ஏன் அப்படி இருக்கிறது என்பதும், அதை எங்கே வாசிக்கலாம் என்பதும், கீபோர்டில் அதை நொடியில் கண்டுபிடிப்பது எப்படி என்பதும் அந்த ஒரு செய்தியிலிருந்தே கிடைத்துவிடுகின்றன.

எண்ணிப் பார்த்தல்

கீபோர்டில் கறுப்பு, வெள்ளை என்று பாராமல் ஒரு கட்டையிலிருந்து அதற்கு அடுத்த கட்டைக்குப் போவதும், கிட்டாரில் ஒரு ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கோடு) அடுத்த ஃப்ரெட்டுக்குப் போவதும் ஒரு செமிடோன் தூரமாகும். ஒரு சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரை இப்படி 12 செமிடோன்கள் உள்ளன. எந்தச் சுரத்திலிருந்து தொடங்கினாலும் அதிலிருந்து 3 செமிடோன், 7 செமிடோன், 10 செமிடோன் தள்ளி நிற்கும் மூன்று சுரங்களையும் அதனோடு சேர்த்து ஒலிக்கச் செய்தால் மைனர் செவன் கிடைக்கும். முதல் மூன்று சுரங்களும் சேர்ந்து மைனர் கார்டு. பத்தாவது செமிடோனில் நிற்பதுதான் அந்த 'செவன்'.

ஏ என்ற சுரத்தில், அதாவது நம் பாடகர்கள் 6 கட்டை என்று சொல்லும் சுதியில், தொடங்கிப் பார்க்கலாம். அதிலிருந்து 3 செமிடோன் மேலே சி, 7 செமிடோன் மேலே ஈ, 10 செமிடோன் மேலே ஜி. ஆக ஏ மைனர் செவன் என்பது ஏ, சி, ஈ, ஜி என்னும் நான்கு சுரங்கள். பிரெஞ்சு முறையில் இசை பயின்ற புதுச்சேரிப் பிள்ளைகள் இதையே லா, தோ, மி, சோல் என்பார்கள். கட்டைகள் அதே கட்டைகள்தாம்.

இந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்து இடைவெளிகளை மட்டும் பார்த்தால் 3, 4, 3 என்று வருகிறது. முன்னிருந்து எண்ணினாலும் பின்னிருந்து எண்ணினாலும் ஒரே வரிசை. முதல் மூன்று சுரங்களான ஏ, சி, ஈ ஆகியவற்றின் இடைவெளி 3, 4. இது ஏ மைனர். கடைசி மூன்றான சி, ஈ, ஜி ஆகியவற்றின் இடைவெளி 4, 3. இது சி மேஜர். நடுவிலுள்ள சி, ஈ இரண்டும் இரு கார்டுகளுக்கும் பொது. வெறும் மைனரில் இருக்கும் சோகம் மைனர் செவனில் சற்றுத் தணிந்து ஒலிப்பதற்குக் காரணம் இதுவே: கேட்கிறவரின் காதில் மைனரோடு ஒரு மேஜரும் சேர்ந்தே விழுகிறது.

ஒலியின் கணக்கைப் பார்க்க விரும்புவோருக்கு இன்னும் ஒன்று சொல்லலாம். கீபோர்டின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே உள்ள ஏ 220 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது; அதற்கு மேலுள்ள சி ஏறத்தாழ 261.6, ஈ 329.6, ஜி 392 ஹெர்ட்ஸ். இயல்பான விகிதத்தில் இந்த நான்கும் 10:12:15:18 என்று அமைய வேண்டும். அப்படியானால் 220, 264, 330, 396 என்று வரும். கீபோர்டிலும் கிட்டாரிலும் 12 செமிடோன்களும் சமமாகப் பங்கிடப்பட்டிருப்பதால் சி, ஜி இரண்டும் சற்றே இறங்கி நிற்கின்றன. முழு எண் விகிதத்துக்கு இவ்வளவு அருகில் அமைவதால்தான், நான்கு சுரங்கள் சேர்ந்தும் இந்தக் கார்டு காதைக் குத்துவதில்லை.

பெயரில் ஏற்படும் குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. 'மைனர்' என்ற சொல் இந்தப் பெயரில் மூன்றாம் செமிடோனில் நிற்கும் சுரத்தைக் குறிக்கிறது. 'செவன்' என்று மட்டும் சொன்னால் அது எப்போதும் பத்தாம் செமிடோன். பதினோராம் செமிடோன் வேண்டுமென்றால் 'மேஜர் செவன்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். எனவே சி செவன் வேறு, சி மேஜர் செவன் வேறு, சி மைனர் செவன் வேறு. தாளில் சிறிய 'எம்' எழுதி 7 போட்டிருந்தால் மைனர் செவன். பெரிய 'எம்' எழுதி 7 போட்டிருந்தால் மேஜர் செவன். சிலர் சிறிய 'எம்' எழுதுவதற்குப் பதிலாக ஒரு கழித்தல் குறியைப் போடுவார்கள். கையெழுத்துத் தாள்களில் சிறிய 'எம்'மும் பெரிய 'எம்'மும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதால், ஐயம் வந்தால் இரண்டையும் வாசித்துப் பார்த்துப் பாட்டோடு ஒட்டுவதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கீபோர்டில்

கறுப்புக் கட்டைகளைத் தொடாமல், ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்தி அடுத்ததை விட்டு, அதற்கு அடுத்ததை அழுத்தி, இப்படி ஒன்று விட்டு ஒன்றாக நான்கு வெள்ளைக் கட்டைகளை அழுத்தினால் எங்கே தொடங்கினாலும் ஏதோ ஒரு செவன் கார்டு வந்துவிடும். டி, ஈ, ஏ ஆகிய மூன்றில் தொடங்கினால் மட்டுமே அது மைனர் செவன்: டி, எஃப், ஏ, சி; ஈ, ஜி, பி, டி; ஏ, சி, ஈ, ஜி. சி, எஃப் இரண்டிலும் தொடங்கினால் மேஜர் செவன் கிடைக்கும். ஜியில் தொடங்கினால் வெறும் செவன், அதாவது மேஜர் கார்டோடு பத்தாம் செமிடோன் சேர்ந்தது. பியில் தொடங்கும் கார்டு மைனர் செவன்போல் ஒலிக்கும்; ஆனால் அதில் ஏழாம் செமிடோனில் நிற்க வேண்டிய பஞ்சம இடத்துச் சுரம் ஒரு செமிடோன் குறைந்து ஆறாவதில் நிற்பதால் அது வேறு வகையைச் சேர்ந்தது. ஈக்கும் எஃப்புக்கும் நடுவிலும், பிக்கும் சிக்கும் நடுவிலும் கறுப்புக் கட்டை இல்லாததே இந்த வேறுபாடுகளுக்கெல்லாம் காரணம்.

வலக்கையால் ஏ மைனர் செவனை வாசிக்கும்போது கட்டைவிரல் ஏ-யிலும், சுட்டுவிரல் சி-யிலும், நடுவிரல் ஈ-யிலும், சுண்டுவிரல் ஜி-யிலும் அமரட்டும்; மோதிரவிரல் ஓய்வாக இருக்கலாம். இடக்கையால் வாசித்தால் சுண்டுவிரல் ஏ, நடுவிரல் சி, சுட்டுவிரல் ஈ, கட்டைவிரல் ஜி. புதிதாகக் கற்பவர்களின் கையில் ஜி மட்டும் மற்றவற்றைவிடச் சற்றுத் தாமதமாகவோ மெலிவாகவோ ஒலிப்பது வழக்கம், ஏனென்றால் அதை அழுத்துவது சுண்டுவிரல். அந்த ஜிதான் இங்கே கார்டின் உயிர் என்பதால், நான்கையும் சேர்த்து அழுத்துமுன் ஏ-யையும் ஜி-யையும் மட்டும் சில முறை அழுத்தி, இரண்டும் சம வலுவோடு ஒலிக்கின்றனவா என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு நடுச் சுரங்களைச் சேர்ப்பது நல்ல வழி.

உண்மையில் நான்கு சுரங்களையும் ஒரே கையில் பிடிக்க வேண்டிய தேவை பாட்டோடு வாசிக்கும்போது அரிதாகவே வரும். மேலே சொன்ன இரண்டு கார்டு கணக்கு இங்கேதான் கைகொடுக்கிறது. இடக்கையால் ஏ-யை மட்டும் அழுத்தி, வலக்கையால் ஏற்கெனவே தெரிந்த சி மேஜரை வாசித்தால் அதுவே ஏ மைனர் செவன். இடக்கை டி, வலக்கை எஃப் மேஜர் என்றால் டி மைனர் செவன். இடக்கை ஈ, வலக்கை ஜி மேஜர் என்றால் ஈ மைனர் செவன். சி, எஃப், ஜி ஆகிய மூன்று மேஜர் கார்டுகளும் எந்தக் கீபோர்டு வகுப்பிலும் முதல் வாரத்திலேயே சொல்லித் தரப்படுபவை என்பதால், புதிதாக எதையும் பழகாமலே மூன்று மைனர் செவன்கள் கைக்கு வந்துவிடுகின்றன. மற்றவற்றுக்கும் விதி இதுவே: எந்த மைனர் செவன் வேண்டுமோ அதன் மூலச் சுரத்தை இடக்கையில் வைத்து, அதிலிருந்து 3 செமிடோன் மேலே தொடங்கும் மேஜர் கார்டை வலக்கையில் வாசிக்க வேண்டும். ஜி மைனர் செவன் வேண்டுமா? ஜியிலிருந்து 3 செமிடோன் எண்ணினால் பி ஃப்ளாட், அதாவது பிக்கு ஒரு செமிடோன் கீழே உள்ள கறுப்புக் கட்டை. இடக்கையில் ஜி, வலக்கையில் பி ஃப்ளாட் மேஜர்.

இதையே தலைகீழாகவும் பார்க்கலாம். வலக்கை சி மேஜரை விடாமல் பிடித்திருக்க, இடக்கையில் முதலில் சி, பிறகு ஏ என்று மாற்றி அழுத்திக் கேட்டால், வலக்கையில் ஒரு விரலும் அசையாமலே பாட்டின் முகம் மாறுவது தெரியும். மைனர் செவனைக் காதால் அடையாளம் காண இதைவிட நேரான பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

கார்டின் சுரங்களை இடம் மாற்றி அடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சி, ஈ, ஜி, ஏ என்று அடுக்கினாலும் சுரங்கள் அவையே; ஆனால் ஜியும் ஏ-யும் இப்போது பக்கத்துப் பக்கத்து வெள்ளைக் கட்டைகள். 10 செமிடோன் தள்ளி நின்றபோது இல்லாத ஓர் உரசல் அவை நெருங்கியதும் வருகிறது. அந்த உரசல் அழகுதான், கீபோர்டின் மேற்பாதியில் வாசிக்கும் வரை. அடிப்பாதியில் வாசித்தால் ஒலி குழம்பிப் போய்விடும்.

கிட்டாரில்

கிட்டாரின் ஆறு கம்பிகளும் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி கூட்டப்பட்டுள்ளன. எண்ணும்போது மெல்லியதுதான் முதல் கம்பி, தடித்தது ஆறாம் கம்பி. ஏ மைனருக்கு நடுவிரல் நான்காம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டிலும், மோதிரவிரல் மூன்றாம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டிலும், சுட்டுவிரல் இரண்டாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டிலும் இருக்கும். இதில் மோதிரவிரலை மட்டும் எடுத்துவிட்டால் ஏ மைனர் செவன். அந்த விரல் அதுவரை மூன்றாம் கம்பியில் ஏ-யை அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்ததும் கம்பி திறந்து ஜி ஒலிக்கிறது. ஒரு விரலைக் கூட்டாமல் குறைத்துப் பெறுகிற கார்டு என்பதால் புதியவர்களுக்கு இது எளிது. ஐந்தாம் கம்பியிலிருந்து கீழ்நோக்கி மீட்ட வேண்டும். ஆறாம் கம்பியின் ஈயும் இந்தக் கார்டில் உள்ள சுரமே என்பதால் அது தவறி ஒலித்தாலும் அபசுரமாகாது; ஆனால் எது மூலச் சுரம் என்பது காதுக்கு மங்கிவிடும்.

எளிது என்றாலும் இங்கே ஓர் இடறல் உண்டு. நான்காம் கம்பியில் இருக்கும் நடுவிரல் சாய்ந்து மூன்றாம் கம்பியை உரசினால், அல்லது இரண்டாம் கம்பியில் இருக்கும் சுட்டுவிரலின் அடிச்சதை மேலேறி அதைத் தொட்டால், திறந்து ஒலிக்க வேண்டிய ஜி அடைபட்டுப் போகும். அப்போது மிஞ்சுவது வெறும் ஏ மைனர்தான். வாசிப்பவரோ தாம் செவன் வாசிப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். எனவே கார்டைப் பிடித்தபின் ஐந்திலிருந்து ஒன்று வரை ஒவ்வொரு கம்பியாகச் சுண்டி ஏ, ஈ, ஜி, சி, ஈ என்று ஐந்தும் தெளிவாகக் கேட்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். அடைபட்டால் விரல்களைச் சற்று வளைத்து, நுனியால் அழுத்தினால் சரியாகிவிடும்.

மூன்றாம் கம்பியின் சுருதியும் இந்தக் கார்டில் முன்பைவிட அதிகமாக வெளிப்படும். கடற்கரையை ஒட்டிய இந்த ஊர்களில் உப்புக் காற்றால் எஃகுக் கம்பிகள் விரைவில் துருவேறுகின்றன. துருவேறிய கம்பியில் சுருதி நிற்பதும் கடினம், ஒலியும் மந்தமாகிவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பிகளைத் துடைத்து உறையில் வைக்கும் பழக்கம் வேண்டும். கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து வாசித்துவிட்டுத் துடைக்காமல் வீட்டுச் சுவரில் மாட்டிவைக்கிறவர்கள் சில வாரங்களில் புதுக் கம்பி வாங்க வேண்டியிருக்கும்.

ஈ மைனர் செவன் இதைவிடவும் எளிது. ஈ மைனரில் ஐந்தாம், நான்காம் கம்பிகளின் இரண்டாம் ஃப்ரெட்டுகளில் இரு விரல்கள் இருக்கும். நான்காம் கம்பியின் விரலை எடுத்துவிட்டால் டி ஒலிக்கிறது, கார்டு கிடைத்துவிடுகிறது. ஐந்தாம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில் ஒரே ஒரு விரல், மற்ற ஐந்து கம்பிகளும் திறந்தபடி, ஆறையும் மீட்டலாம். யோசித்துப் பார்த்தால், எந்த விரலும் வைக்காமல் கிட்டாரை அப்படியே மீட்டும்போது கேட்கும் ஒலியே ஒரு ஏ கூடுதலாகக் கலந்த ஈ மைனர் செவன்தான். கடையில் கிட்டாரை எடுத்து முதல்முறை தடவிப் பார்க்கிறவருக்கும் அது இனிமையாக ஒலிப்பதில் வியப்பில்லை.

டி மைனர் செவனுக்கு மெல்லிய நான்கு கம்பிகள் மட்டும் போதும். நான்காம் கம்பி திறந்திருக்க, மூன்றாம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில் நடுவிரல். சுட்டுவிரலைப் படுக்கவைத்து இரண்டாம், முதல் கம்பிகள் இரண்டையும் முதல் ஃப்ரெட்டில் சேர்த்து அழுத்த வேண்டும். டி, ஏ, சி, எஃப் என்று ஒலிக்கும். இந்தக் கார்டை வைத்து ஒரு பயிற்சி செய்யலாம். முதலில் சாதாரண டி மைனர். அதில் இரண்டாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் டி இருக்கும். மற்ற கம்பிகளின் சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு அந்த ஒரு சுரத்தை மட்டும் இரண்டாம் ஃப்ரெட்டுக்கு இறக்கினால் சி ஷார்ப், அதாவது சிக்கு ஒரு செமிடோன் மேலே உள்ள சுரம். முதல் ஃப்ரெட்டுக்கு இறக்கினால் சி. விரலையே எடுத்துவிட்டால் பி. டி, சி ஷார்ப், சி, பி என்று ஒரு சுரம் மட்டும் படிப்படியாக இறங்க, நான்கு கார்டுகள் கிடைக்கின்றன. நம் திரைப்பாடல்களின் இடையிசையிலும் இந்த இறக்கம் பலமுறை காதில் விழுந்திருக்கும். இந்த நான்கு படிகளில் மூன்றாவது படியே மைனர் செவன். இரண்டாவது படியில் இருந்த இறுக்கம் மூன்றாவதில் தளர்வதைக் கேட்டுணர்ந்தவர் மைனர் செவனை இனி எங்கே கேட்டாலும் கண்டுகொள்வார்.

சுட்டுவிரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்கவைத்துப் பிடிக்கும் பார் கார்டு பழகியவர்களுக்கு ஒரே வடிவத்தை நகர்த்தி எல்லா மைனர் செவன்களையும் வாசிக்கும் வசதி உண்டு. சுட்டுவிரலால் ஐந்தாம் ஃப்ரெட்டின் ஆறு கம்பிகளையும் அழுத்தி, மோதிரவிரலை ஐந்தாம் கம்பியின் ஏழாம் ஃப்ரெட்டில் வைத்தால் ஏ மைனர் செவன். இதையே மூன்றாம் ஃப்ரெட்டில் பிடித்தால் ஜி மைனர் செவன். முதல் ஃப்ரெட்டில் தொடங்கிக் கைவலியோடு போராடுவதைவிட ஐந்தாம் ஃப்ரெட்டில் பழகிக்கொண்டு கீழே இறங்கி வருவதே அறிவுடைமை. அங்கே கம்பி இலகுவாக அமுங்கும், திறந்த ஏ மைனர் செவனோடு ஒப்பிட்டுக் கேட்டுச் சரிபார்க்கவும் முடியும். பார் கார்டே இன்னும் வரவில்லை என்றால், எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போ இருக்கிறது: இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டி ஏ மைனர் செவனின் வடிவத்தைப் பிடித்தால் பி மைனர் செவன்.

ராகங்களில் எங்கே இருக்கிறது

இசை வகுப்பில் சரளி வரிசையோடு தொடங்கியவர்களுக்கு இந்தக் கார்டை நம் சுரங்களில் சொன்னால் இன்னும் விரைவில் பிடிபடும். மூலச் சுரத்தைச் சட்ஜம் என்று கொண்டால், மைனர் செவன் என்பது சட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். கர்நாடக இசை கார்டுகளை வைத்து வளர்ந்ததன்று. ஆனாலும் எந்த ராகத்தின் சுரங்களுக்குள் எந்தக் கார்டு அடங்குகிறது என்று பார்ப்பது, ராகத்தைத் தழுவிய மெட்டுக்குக் கார்டு போட முனைகிறவருக்கு மிகவும் உதவும்.

சங்கராபரணத்தை எடுத்துக்கொள்வோம். சி-யைச் சட்ஜமாக வைத்தால் அதன் ஏழு சுரங்களும் வெள்ளைக் கட்டைகளே. மேலே கண்ட மூன்று மைனர் செவன்களும் அதில் ரிஷபம், காந்தாரம், தைவதம் ஆகிய மூன்று சுரங்களில் தொடங்குகின்றன. சங்கராபரணத்தின் ரிஷபத்தைச் சட்ஜமாக வைத்துக் கிரக பேதம் செய்தால் கரகரப்பிரியா. காந்தாரத்தை வைத்தால் தோடி. தைவதத்தை வைத்தால் நடபைரவி. இந்த மூன்று மேளங்களிலும், அதாவது ஏழு சுரமுள்ள தாய் ராகங்களிலும், சாதாரண காந்தாரமும் பஞ்சமமும் கைசிகி நிஷாதமும் இருக்கின்றன. எனவே அந்தந்த இடத்தில் மைனர் செவன் அமைவது தற்செயல் அன்று. மத்தியமத்திலிருந்து வரும் கல்யாணியிலும் பஞ்சமத்திலிருந்து வரும் அரிகாம்போதியிலும் காந்தாரம் நான்காம் செமிடோனில் நிற்கும் அந்தர காந்தாரமாகிவிடுவதால் அங்கே மைனர் செவன் வராது.

ஐந்து சுர ராகங்களில் கணக்கு இன்னும் துல்லியமாகிறது. மோகனம், மத்தியமாவதி, இந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி ஆகிய ஐந்தும் கிரக பேதத்தால் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை என்பது பலருக்கும் தெரிந்ததே. அவை ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மைனர் செவன் மட்டும் அடங்குகிறது. சுத்த தன்யாசியில் அது சட்ஜத்திலேயே தொடங்குகிறது. மோகனத்தில் தைவதத்தில், சி-யில் மோகனம் பாடும்போது ஏ மைனர் செவன் பொருந்துவது இதனால்தான். மத்தியமாவதியில் பஞ்சமத்திலும், சுத்த சாவேரியில் ரிஷபத்திலும் தொடங்குகிறது. இந்தோளத்தில் பஞ்சமமே இல்லை. எனவே சட்ஜத்தில் மைனர் செவன் வைத்தால் ராகத்துக்கு அயலான பஞ்சமம் உள்ளே நுழைந்துவிடும். அங்கே மத்தியமத்திலிருந்து கட்ட வேண்டும். சி-யில் இந்தோளம் என்றால் எஃப் மைனர் செவன், அதாவது எஃப், ஏ ஃப்ளாட், சி, ஈ ஃப்ளாட். நான்கும் இந்தோளத்தின் சுரங்கள். இந்தோளச் சாயலுள்ள மெட்டுக்குச் சி மைனர் செவனைப் போட்டுவிட்டு ஏதோ இடிக்கிறதே என்று திகைக்கிறவர்கள் இந்த ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்கலாம்.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். தோடியின் காந்தாரம் கீபோர்டின் கட்டையில் அசையாமல் நிற்கும் காந்தாரம் அன்று. கமகத்தால் அசைந்துகொண்டே இருப்பது. அந்த ராகத்தை முறையாகப் பாடுகிறவரின் பின்னால் நிலைத்து ஒலிக்கும் மைனர் செவனை வைத்தால் இரண்டும் மோதும். சுரக் கணக்கு பொருந்தினாலும் அங்கே கார்டு வைக்காமலிருப்பதே மரியாதை. மெல்லிசையில் அசைவு குறைவாக இருக்கும் மெட்டுகளுக்கே இந்தக் கணக்கெல்லாம்.

பாட்டில் எங்கே வரும்

மேற்கத்திய இசையிலும் அதைத் தழுவிய நம் மெல்லிசையிலும் மைனர் செவன் மிகுதியாக வரும் இடம், சட்ஜத்துக்குத் திரும்பி வரும் வழியில். சி-யில் பாட்டு என்றால் டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்ற வரிசை. கீபோர்டில் இதை வாசிக்க வலக்கையை அதிகம் நகர்த்தத் தேவையில்லை. இடக்கையில் டி, வலக்கையில் எஃப், ஏ, சி. அடுத்து இடக்கையில் ஜி, வலக்கையில் எஃப், ஜி, பி. அடுத்து இடக்கையில் சி, வலக்கையில் ஈ, ஜி, பி. டி மைனர் செவனின் ஏழாம் சுரமான (பெயரில் 'செவன்' என்று வருவது இதுதான்) சி, அடுத்த கார்டில் ஒரு செமிடோன் இறங்கிப் பி ஆகிறது. அங்கே ஏழாம் சுரமான எஃப், அதற்கடுத்த கார்டில் ஒரு செமிடோன் இறங்கி ஈ ஆகிறது. ஏழாம் சுரத்துக்கு இப்படி இறங்கும் இயல்பு உண்டு. வரிசையை மெதுவாக வாசித்தால் அது தானாகவே காதில் படும்.

கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்து வாசிக்கும்போது வேறொரு சிக்கல் வரும். ஜூன் 21 அன்று புதுச்சேரித் தெருக்களில் நடக்கும் இசைத் திருநாள் போன்ற இடங்களில் இதைக் கேட்கலாம்: கிட்டாரும் கீபோர்டும் ஒரே மைனர் செவனை ஒரே தாழ்ந்த பகுதியில் முழுதாக வாசிக்க, ஒலி தடித்துப் பாடகரின் குரல் அமிழ்ந்துவிடும். கிட்டார் ஐந்தாம் கம்பியிலிருந்து முழுக் கார்டையும் வாசித்தால், கீபோர்டுக்காரர் மூலச் சுரத்தை விட்டுவிட்டு மேற்பகுதியில் சி, ஈ, ஜி என்ற மூன்றை மட்டும் வாசித்தால் போதும். ஆனால் பேஸ் கிட்டார் வாசிப்பவர் அந்த நேரத்தில் ஏ-க்குப் பதில் சி-யை வாசித்துவிட்டால், அதே ஏ, சி, ஈ, ஜி நான்கும் சி சிக்ஸ் என்னும் மேஜர் வகைக் கார்டாக மாறிவிடும். கிட்டாரும் கீபோர்டும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள். இந்தக் கார்டின் பெயரை முடிவு செய்வது பெரும்பாலும் அடியில் ஒலிக்கும் சுரமே.

எல்லா மைனர் கார்டையும் செவனாக மாற்றிவிடலாமா என்ற கேள்வியைக் கற்பவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் மாற்றினால் கெடுதலில்லை. மெட்டில் பதினோராம் செமிடோனில் நிற்கும் காகலி நிஷாதம் வருமானால் மட்டும் கூடாது. ஏ-யைச் சட்ஜமாக வைத்துக் கீரவாணியில் ஒரு மெட்டு போகிறது என்றால் அதன் நிஷாதம் ஜி ஷார்ப். ஏ மைனர் செவனில் இருப்பதோ ஜி. பாடகர் ஒன்றைப் பாடக் கார்டு மற்றொன்றை ஒலிக்கும். கீரவாணியில் சட்ஜத்துக்கு வெறும் ஏ மைனரை வைத்துக்கொண்டு, மைனர் செவனை மத்தியமத்துக்குத் தர வேண்டும். டி, எஃப், ஏ, சி நான்கும் அந்த ராகத்தில் உள்ள சுரங்கள். கிட்டாரில் இந்த மாற்றம் மிகச் சிறியது: ஏ மைனரில் மூன்றாம் கம்பியிலும் இரண்டாம் கம்பியிலும் இருக்கும் விரல்களை எடுக்காமல், நான்காம் கம்பியின் விரலை மட்டும் எடுத்துவிட்டு, சுட்டுவிரலை முதல் கம்பியின் மேலும் படியுமாறு சாய்த்து, நான்காம் கம்பியிலிருந்து மீட்டினால் டி மைனர் செவன் வந்துவிடும்.